பீரோவுக்குள் வைஃபை

“நம்ம நெட்ட பக்கத்து வூட்லதான் திருடறாங்க” என்றார் சிவப்பிரகாசம், குரலைத் தாழ்த்தி.

“மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?” என்றாள் மனைவி திலகவதி.

“பின்ன என்னடி? நம்ம எழில் வீடியோவுல பேச உக்காந்தா போதும், சுத்திக்கினே நிக்குது. அந்த லூசியம்மா பாக்கறப்பெல்லாம் ‘பாப்பாவுக்கு நெட்டு நல்லா வருதா சார்?’ன்னு கேக்குது. அதுக்கு என்ன அவ்ளோ அக்கறை?”

திலகவதி அடுப்படிக்குள் போய்விட்டாள். நின்றால் மனுஷன் விடிய விடியப் பேசுவார்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் அவர் குவார்ட்டர்ஸுக்கும் அமிர்தநாதன், லூசியம்மாள் தம்பதியின் குவார்ட்டர்ஸுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். இரண்டு பேருக்கும் மைன்ஸில்தான் வேலை. ஷிப்ட்தான் வேறு வேறு. சுவருக்கு அந்தப் பக்கம் சிக்னல் போய்விடும் என்று பயந்து, வாங்கிய அன்றைக்கே ரௌட்டரை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியவர் சிவப்பிரகாசம். ஒயர் போக பீரோவின் முதுகில் ஓட்டையும் போட்டார். நகையைக்கூட அவர் அப்படிப் பத்திரப்படுத்தியதில்லை.

அப்படியும் நெட் நின்று நின்றுதான் வந்தது. அமிர்தநாதன் பெரிய எம்டன் என்று முடிவு கட்டிவிட்டார்.

மகள் எழில்மதிக்கு இன்று ஆன்லைனில் இன்டர்வியூ. இரண்டு வருடமாக வேலை தேடி அலுத்தவளுக்குக் கடைசி ரவுண்டு வரை வந்திருக்கும் முதல் வேலை. நடுவில் நெட் நின்றால் போச்சு.

விடிகாலையில், வீடு தூங்கும்போதே பீரோவைத் திறந்து பாஸ்வேர்டை மாற்றினார். ‘இன்னிக்கி எப்படித் திருடறான்னு பாக்கறேன்’ என்று கறுவிக்கொண்டே முதல் ஷிப்டுக்குக் கிளம்பினார்.

ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. புதுப் பாஸ்வேர்டை எழிலிடமே சொல்லவில்லை!

இந்நேரம் இன்டர்வியூ முடிந்தே போயிருக்கும். வீட்டுக்கு போன் போடக்கூட விரல் வரவில்லை. பெற்ற பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்போதும், இத்தனைக்கும் காரணம் அந்த அமிர்தநாதன்தான் என்று உள்ளுக்குள் பல்லைக் கடித்தார்.

வீட்டில் எழில் இல்லை. திலகவதியும் இல்லை. கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

பக்கத்து வீட்டு வாசல்படியில் அமிர்தநாதன் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. குடித்திருக்கிறானோ?

“எழில் எங்க?” என்று கத்தினார் சிவப்பிரகாசம்.

அமிர்தநாதன் பதறி எழுந்து உதட்டில் விரலை வைத்தார். “மெதுவா சார்... மெதுவா.”

“ஏன்? உள்ள அப்படி என்ன நடக்குது?”

கதவு திறந்தது. லேப்டாப்பும் கையுமாக வந்தாள் எழில்மதி. பின்னாலேயே திலகவதி.

“இப்பதாம்பா முடிஞ்சுது! காலைல கூப்பிடறேன்னவங்க மத்தியானம் வரைக்கும் காக்க வெச்சிட்டாங்க. ஆனா சூப்பரா பண்ணிருக்கேன். ஒரு இடத்துலகூட நிக்கல!”

“இங்க... எதுக்கு வந்த?”

எழில் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

“நீங்க பீரோவுக்குள்ள வெச்ச நாள்லருந்து நம்ம வைஃபை எங்கப்பா வெளிய வருது? இரும்பு சிக்னல விடுமா? இத்தன நாளா நான் பேசறதெல்லாம் லூசி ஆன்ட்டி வூட்டு வைஃபைலதான். சுவத்த தாண்டி வர்றதால நின்னு நின்னு வரும்.”

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா விட்டிருப்பீங்களா? இன்னிக்கி நடுவுல நின்னுடக் கூடாதுன்னு, ரௌட்டர் இருக்கற பெட்ரூமுக்கே கூப்பிட்டு உக்கார வெச்சாங்க ஆன்ட்டி.”

சிவப்பிரகாசத்துக்கு அவமானத்தில் காது சூடேறியது. ஏதாவது சொல்லலாம் என்று அமிர்தநாதன் பக்கம் திரும்பினார்.

அதற்குள் லூசியம்மாள் உள்ளேயிருந்து தலையணை ஒன்றைத் தட்டியபடி வந்தாள்.

“பாப்பாதான் முடிச்சிடுச்சில்ல? இனிமேலாச்சும் உள்ள போயி படுங்க” என்றாள் புருஷனிடம். “நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்ததுலருந்து பொட்டுத் தூக்கமில்லாம வாசல்லயே உக்காந்துக்கினு இருக்கீங்க. ராத்திரி மறுபடியும் போவணுமில்ல?”