தும்மலும் சில புள்ளிகளும்

சிப் வந்த பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அதன்மேல் தும்மியது அவன்தான். கண்ணுக்குத் தெரியாத கரிக்குழாய்கள் காடாக நிற்கும் சில்லு அது. அதிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள்தான் கம்பெனிக்காக அவன் செய்யும் புது மெஷினில் ஊசிமுனை எக்ஸ்ரே ஆகும்.

சோதனைக்காக, ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் அக்கா ஒரு சதைத்துண்டு கொடுத்திருந்தாள். ஆஸ்பத்திரி மெஷின் 'ஒன்றுமில்லை' என்று சொன்ன கட்டி. அவன் எடுத்த படத்திலோ உப்புத் தூவியதுபோல் புள்ளிகள்.

"எல்லாம் உன் மூக்கோட கைங்கரியம்டா," என்றாள் அக்கா.

சில்லை மாற்றினான். புள்ளிகள் போகவில்லை. வேலைதான் போய்விடும் போலிருந்தது. தினமும் சாயங்காலம் அக்கா போன் வேறு.

"புள்ளி போச்சாடா, தும்மல் மன்னா?"

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறாளே என்று பல்லைக் கடித்தான்.

ஐந்தாம் நாள் சதைத்துண்டைத் தற்செயலாகத் திருப்பிவைத்தான். படத்தில் புள்ளிகளும் கூடவே திரும்பின. துள்ளிக் குதித்து அக்காவுக்குப் போன் போட்டான்.

"என் தும்மல் இல்லக்கா! புள்ளி சதையிலதான் இருக்கு. புத்துநோய்ப் புள்ளி! பெரிய மெஷின் கோட்டை விட்டதை நான் பிடிச்சிட்டேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் அது யாரோ ஒருவருடைய சதை என்பது அவனுக்கு உறைத்தது.

"யாருக்கா அந்தப் பாவப்பட்ட ஜீவன்?"

"நான்தான்டா. உன் தும்மலாவே இருக்கணும்னு தினமும் வேண்டிக்கிட்டிருந்தேன்."