காலி ரோட்டில் நெரிசல்

ஏட்டு ஓய்வு பெற ஆறு மாதம்தான் பாக்கி. அதற்குள் உருப்படியாக ஒரு திருடனைப் பிடித்து எஸ்.ஐ. ஆகிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. முப்பது வருட சர்வீஸில் அவர் கையில் சிக்கியதெல்லாம் ஹெல்மெட் போடாத தலைகள்தான்.

அதிர்ஷ்டம் பேங்க் வாசலில் அடித்தது. சாயங்காலம் ஆறு மணி. ரோட்டில் ஈ காக்கை இல்லை. அவருடைய போனிலோ மேப் அதே ரோட்டைச் செக்கச்செவேலென்று காட்டியது. மறுநாளும் அப்படியே. இரண்டு நாளும் ஓர் ஆள் மட்டும் பழைய ஸ்கூட்டரில், காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு, நத்தை மாதிரி போவதும் வருவதுமாக இருந்தான். முன்னால் ஒரு புடைத்த பை.

வீட்டுக்குப் போய் மகளிடம் கேட்டார். ரோட்டில் நகரும் போன்களின் வேகத்தை வைத்துத்தான் மேப் கலர் போடுகிறது, நிறைய போன்கள் சேர்ந்து ஊர்ந்தால் நெரிசல் என்று நினைத்துச் சிவப்பாக்கிவிடும் என்றாள்.

ஏட்டுக்குப் பொறி தட்டியது. அடப்பாவி! மேப்பை நம்பி எல்லா வண்டியும், ரோந்து ஜீப் உட்பட, சுற்றிக்கொண்டு போய்விடும். ஆளரவம் இல்லாத ரோட்டில் பேங்கைச் சாவகாசமாக வழித்துத் துடைத்துவிடலாம்.

மூன்றாம் நாள் ஒரே அமுக்கு. பையைக் கொட்டினால் நாற்பது போன்கள், அத்தனையும் உயிரோடு. இன்ஸ்பெக்டர் முன்னால் ஆளை நிறுத்தியபோது ஏட்டின் நெஞ்சு சட்டைப் பித்தான் தெறிக்கும்படி நிமிர்ந்திருந்தது.

அந்த ஆள் மூக்கைச் சிந்தினான். போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானாம். எல்லாம் ரிப்பேர் பார்த்து முடித்த போன்களாம். அந்த பேங்கில் அவனுக்கு அக்கவுண்ட்கூட இல்லையாம்.

"பின்ன எதுக்குடா இந்த ஊர்வலம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வீட்ல மச்சினன் வந்து தங்கியிருக்கான் சார். தினம் ஆறுலேருந்து எட்டு வரைக்கும் பாட்டுப் பழகுறான். வீட்டுக்கு வர்ற இந்த ரோட்ல ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்னு சொன்னா, என் சம்சாரம் மேப்பைத் தொறந்து பார்க்குறா."

ஏட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "பார்த்துட்டு நம்புறாங்களா?" என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து ஏட்டுக்கு ஸ்பெஷல் டூட்டி: சாயங்காலம் ஆறு மணிக்கு, நாற்பது போன்களோடு, இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போகிற ரோட்டில் ஸ்கூட்டரை ஊர வைப்பது.