திரும்பி வந்த அலை

காற்றழுத்தத்தைக் கோடாக வரையும் கருவிகள் 1962இல் மூன்று ஊர்களில் இருந்தன. ஒருநாள் காலை ஓர் அழுத்த அலை அய்யலூரில் பதிவாகி, திண்டுக்கல்லைக் கடந்து, செம்பட்டிக்குப் போனது. போன அலை திரும்பாது. இது திரும்பியது. செம்பட்டியில் மறுபடி பதிந்தது, திண்டுக்கல்லிலும் பதிந்தது. அய்யலூருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

திண்டுக்கல் கருவியைக் கவனித்த ஜெகபர் அலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அய்யலூருக்குப் போன் போட்டுக் கத்தினார்.

"ஏலே பெருமாள்சாமி, கருவிய விட்டுட்டு ஆட்டுச்சந்தைக்குப் போயிட்டியா?"

"எடத்த விட்டு அசையலங்கய்யா. இங்க வரல. அங்கிட்டுத்தான் நிக்குதோ என்னமோ."

"காத்து எங்கலே நிக்கும், மடையா!"

ரிசீவரை அறைந்து வைத்தார். அதே ஆத்திரத்தில், கருவியின் காகித உருளையைச் சுழற்றும் கடிகாரத்தையும் நிறுத்தினார். காகிதம் நின்றது. கோடு போடும் முள் நிற்கவில்லை. ஒரே இடத்தில் ஏறி இறங்கி, காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது.