முடிந்துபோன மேட்சுக்கு ஒரு ஜெபம்

"வாயைத் திறக்காதே! ஸ்கோர் தெரிஞ்சாலும் சொல்லிடாதே!"

சனிக்கிழமை மாலை, வீட்டுக்குள் நுழையும்போதே பஸ் டிரைவர் மனைவியிடம் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். இரண்டு காதிலும் பஞ்சு. மத்தியானம் கால்பந்து இறுதிப்போட்டி நடந்தபோது அவருக்கு டூட்டி. டி.வி.யில் பதிவாகியிருந்த ஆட்டத்தைப் பார்க்கத்தான் இந்த ஓட்டம்.

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் அவள், முகத்தைப் பச்சைக் குழந்தைபோல வைத்துக்கொண்டு.

தெரியும். அவள் வேலை பார்க்கும் தையல் கடை ரேடியோவில் நாலு மணிக்கே சொல்லிவிட்டார்கள். பெனால்டியில் இவர்கள் டீம் தோற்றுப்போனது. கட்டிங் மாஸ்டர் கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு வீட்டுக்கே கிளம்பிவிட்டார்.

"பஸ்ஸுல ஒருத்தர் கூடவா பேசல?"

"பஸ்ஸுல ஏறும்போதே பஞ்சை வெச்சுட்டேன்ல!"

அவள் பெருமூச்சு விட்டாள். "நாளைக்காவது சர்ச்சுக்கு வாங்களேன்."

இது இரண்டு வருடத்துக் கதை. ஒரு ஞாயிறு, எல்லோரும் கண்மூடி மௌன ஜெபத்தில் இருக்க, காதில் ரகசியமாகக் கமெண்டரி கேட்டுக்கொண்டிருந்த மனுஷன் 'கோல்!' என்று அலறிவிட்டார். போதகர் சும்மா விடவில்லை. "பந்து பின்னாடி ஓடுற மனசு பரலோகம் போய்ச் சேராது" என்று சபை நடுவே போட்டு உடைத்தார். ரோஷக்காரர் எழுந்து போனவர்தான். மூன்றாவது பெஞ்சில் அவருடைய இடத்தில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம் அவளுக்கு அழுகை முட்டும்.

"சரி, ஒரு பந்தயம்" என்றார் டிரைவர். "நம்ம டீம் தோத்தா நாளைக்கு வர்றேன். ஜெயிச்சா, ஜென்மத்துக்கும் நீ இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் இருந்தது அவளுக்கு. "சத்தியமா?"

"சத்தியமே பண்ணாதேன்னு வேதத்துல இருக்கு. உள்ளதை உள்ளதுன்னு சொன்னா போதும்."

உள்ளதை உள்ளதென்று சொல்ல அவளுக்குத்தான் வாய் வரவில்லை. 'ஆண்டவரே, இந்தப் பொய் உமக்காகத்தான்' என்று மனதுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆட்டம் ஓடியது. அவர் நாற்காலி நுனிக்கு வந்தார், நகத்தைக் கடித்தார், நடுவரைத் திட்டினார். பெனால்டி வந்ததும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"முடிஞ்சுபோன மேட்சுக்கு எதுக்குங்க ஜெபம்?"

"கர்த்தருக்கு நேத்து, இன்னைக்கு, நாளைக்கு எல்லாம் ஒண்ணுதான். நீ சும்மா இரு."

கடைசிப் பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "தோத்துட்டோம். வேற வழியில்ல. வெள்ளைச் சட்டையை எடுத்து வை."

அவளுக்குச் சந்தோஷம் பாதி, குற்ற உணர்ச்சி பாதி. கள்ள ஆட்டம் ஆடி ஒரு மனுஷனைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போனால் கணக்கில் சேருமா? சட்டைக்கு இஸ்திரி போடும்போதே தீர்மானித்தாள், போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று.

ஞாயிறு ஆராதனை முடிந்தது. மூன்றாவது பெஞ்சில் கைப்பை அவள் மடியில் இருந்தது. வாசலில் கைகுலுக்கிக்கொண்டிருந்த போதகரிடம் கணவரோடு போய் நின்றாள்.

"ஐயா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். மேட்சுல தோத்தது தெரிஞ்சிருந்தும், தெரியாத மாதிரி..."

போதகர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீயுமா அம்மா? நேத்து நாலரை மணிக்கே உன் வீட்டுக்காரர் டிப்போவிலிருந்து போன் பண்ணி, 'தோத்துட்டோம் ஐயா, இதையே சாக்கா வெச்சு நாளைக்கு வந்துடறேன், வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க'ன்னாரே!"

அவள் திரும்பிப் பார்த்தபோது, டிரைவர் அவசர அவசரமாகக் காதில் பஞ்சை வைத்துக்கொண்டிருந்தார்.