கண்ணாடி வீட்டு இலை

"தொப்பியை எடுத்து வைன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

கார் மலையில் மூன்றாவது வளைவு திரும்புவதற்குள் பேராசிரியர் இதை நாலாவது தடவையாகக் கேட்டுவிட்டார்.

"மறந்துட்டேங்க" என்றாள் மனைவி, டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து.

"மறப்பே. சாப்பிட மறக்கறியா?"

டிரைவர் நல்ல மனுஷன். மலைமேல் இருக்கும் தாவரவியல் பூங்காவுக்குத் தனிக்காரில் ஆட்களை அழைத்துப்போய், செடி செடியாக விளக்கம் சொல்லிக் கூட்டிவருவது அவர் தொழில். பேச்சை மாற்றிப் பார்த்தார்.

"மேலே வெயிலே இருக்காது சார். தொப்பி வேண்டியதில்லை."

"விஷயம் தொப்பி இல்லப்பா, ஒழுங்கு. இருபத்தெட்டு வருஷமா பரீட்சை ஹால்ல காப்பி அடிக்கிறவங்களைப் பிடிக்கிறவன் நான். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்ப்பேன். சாக்ஸுக்குள்ள பிட் வெச்சிருந்தாலும் முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன். இவளுக்குத்தான் எதையும் சொல்லிப் புரிய வைக்க முடியலை."

டிரைவர் கண்ணாடியில் அந்த அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு கியரை மாற்றினார்.

பூங்கா வாசலில் கழுத்தில் தொங்கிய பாஸைக் காட்டினார். கேட் திறந்தது.

"இது இருந்தாத்தான் சார் எங்க வண்டியை கண்ணாடி வீடு வரைக்கும் விடுவாங்க. பாஸ் போனா பிழைப்பே போச்சு. போன மாசம் ஒருத்தர்கிட்டே ஒரு கைப்பிடி விதைக்காகப் பிடுங்கிட்டாங்க."

"சரியாத்தான் செஞ்சிருக்காங்க" என்றார் பேராசிரியர்.

கண்ணாடி வீட்டில், இலை ஓரத்தில் வெள்ளிக்கரை போட்ட ஒரு பிகோனியாவின் முன்னால் மனைவி நின்றவள் நின்றவள்தான்.

"இதுக்கு விதையெல்லாம் வேண்டாம்மா" என்றார் டிரைவர். "ஒரு இலையை ஈர மண்ணுல படுக்க வெச்சாப் போதும். நரம்புலேர்ந்தே வேர் விட்டுடும்."

"ஒரே ஒரு இலையா? ஏங்க, நம்ம பால்கனியில ஒரு சின்னத் தொட்டி..."

"தொட்டி வெச்சா தரை கறையாகும். பேசி முடிச்ச விஷயம். ஆளுங்க பார்க்கிறாங்க, நட."

திரும்பி வரும்போதுதான் வந்தது வினை. வெளியே போகும் வண்டிகளைக் காவலாளிகள் சோதிப்பது வழக்கம். டிரைவர் சீட்டுக்கு அடியில் கைவிட்ட காவலாளி, ஈர டிஷ்யூவில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால், வெள்ளிக்கரை போட்ட இலை.

"யாரு எடுத்தது?"

டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடியில் பின்சீட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து சீட்டில் இருந்த பேராசிரியரைப் பார்த்தார். அப்புறம் மெல்லச் சொன்னார்.

"என்னுதுதான்."

"பதினோரு வருஷமா வர்றீங்க. உங்களுக்கே தெரியாதா?" காவலாளிக்கே சங்கடமாக இருந்தது. "பாஸைக் கழட்டுங்க. ஏதாவது சொல்றதுன்னா மூணு நாளைக்குள்ள ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க. அதுக்கப்புறம் நம்ம கையில இல்லை."

பேராசிரியர் கொதித்துப்போனார். மலை இறங்கி முடியும்வரை அவர் வாய் ஓயவில்லை.

"குடும்பத்தோட உன்னை நம்பி வந்தோமே! ஒரு இலைதானேன்னு நினைக்காதே. இன்னிக்கு இலை, நாளைக்கு எங்க பை. பார்க்க சாது மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலை பண்றே?"

வீடு வந்ததும் டிரைவர் இறங்கி, அந்த அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்.

பேராசிரியர் செருப்பைக் கழற்றிய கையோடு சோபாவில் உட்கார்ந்து, டிரைவரின் சுற்றுலா கம்பெனிக்குப் போனில் புகார் தட்ட ஆரம்பித்தார். முக்கால்வாசி தட்டி முடித்தபோது மனைவி எதிரே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அதை அனுப்பாதீங்க. இலையைக் கிள்ளினது நான்."

பேராசிரியர் விரல் அப்படியே நின்றது.

"நீயா? அப்புறம் அவனுக்கு என்ன வந்துச்சு, தலையை நீட்ட?"

"அத்தனை பேர் முன்னாடி நீங்க என்னை என்ன பாடு படுத்துவீங்கன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரே ஒரு நாள் கூட வந்தவருக்கு. நானும் பயத்துல வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்ப நினைச்சா அசிங்கமா இருக்கு. நாளைக்குக் காலையில போய் உண்மையை எழுதிக் கொடுத்துடறேங்க. அவர் பாஸ் திரும்பக் கிடைச்சிடும்."

"பைத்தியமா உனக்கு? காப்பி அடிக்கிறவனைப் பிடிக்கிறவர் பெண்டாட்டி செடி திருடினான்னு ஊர் சிரிக்கணுமா? அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் ஹாலுக்குள்ள நுழையறது?"

"அந்த மனுஷன் பிழைப்புங்க..."

"அவன்தானே ஒத்துக்கிட்டான்? நாமளா சொல்லச் சொன்னோம்? நீ எங்கேயும் போக வேண்டாம், உள்ளே போ."

அவள் உள்ளே போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

பேராசிரியர் மறுபடியும் போனைப் பார்த்தார். விசாரணை என்று வந்தால் அந்த டிரைவர் பேச்சை மாற்றினாலும் மாற்றுவான். எதற்கும் முன்ஜாக்கிரதையாக இருப்பது நல்லது என்று, புகாரின் கடைசியில் ஒரு வரி சேர்த்து அனுப்பினார்:

'அவர் அந்த இலையைக் கிள்ளியதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.'