கூரை விழுவதற்கு முன்

“பைபிள் மேல கை வெச்சுச் சொல்றேன் ஐயா. நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தாலும், இன்னிக்கு ராத்திரி தின்கிற சோள ரொட்டி தொண்டையிலயே நிக்கட்டும்!” என்றாள் வெர்னா.

“உண்மையைச் சொன்னா போதும்மா. ரொட்டியை விடுங்க,” என்றார் நீதிபதி.

பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் டெல்பர்ட் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். நிலக்கரிச் சுரங்கத்தின் கூரைப் பாறை அவன் முதுகில் இறங்கிப் பதினோரு வருஷமாகிறது. அன்றிலிருந்து மார்ஃபின் மாத்திரைதான் சோறு. வலி பாதி போயிற்று. கூடவே கையின் பலம், மீசையின் அடர்த்தி, கட்டிலின் ஆசை எல்லாம் முழுசாகப் போயின.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்: “மாத்திரை உன் ஆண் ஹார்மோனைத் தின்னுடுச்சு டெல்பர்ட். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டா பாதி ஆளாவது திரும்பி வருவே.”

ஊசிக்குப் பணம் தர காப்பீட்டுக் கம்பெனி மறுத்தது. கைக்காசில் போட டெல்பர்ட்டுக்கு வழியில்லை. அதற்குத்தான் இந்த விசாரணை.

கம்பெனி வக்கீல் ஹாலிஃபீல்ட் எழுந்தார். சிரித்த முகம்.

“முதுகு உடைஞ்சது சுரங்கத்துல. ஒத்துக்கறோம். வலி மாத்திரைக்குப் பணம் கட்டறோம். ஆனா ஹார்மோன் குறைஞ்சது சுரங்கத்தால இல்லை, மாத்திரையால.”

“அந்த மாத்திரையைக் குடுக்கறது யாரு?” என்றான் டெல்பர்ட்.

“நாங்கதான். நீங்க ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை.”

டெல்பர்ட் மறுபடி தொப்பியைத் திருகினான்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “சண்டை வேண்டாம். இப்ப ஹார்மோன் அளவு குறைவுதான், ரிப்போர்ட் இருக்கு. முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கலை. இவர் பொறந்ததிலிருந்தே இப்படின்னா, சுரங்கத்தைக் குத்தம் சொல்ல முடியாது. அம்மா, கூரை விழறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர் எப்படி?”

எங்கள் மலைப்பக்கத்தில் ஒரு விஷயத்தை அதன் அளவிலேயே சொன்னால் மரியாதைக் குறைவு. கெண்டை பிடித்தவன் திமிங்கிலம் என்பான். கேட்பவன் பாதியைக் கழித்துக்கொண்டு தலையாட்டுவான். நீதிபதியோ தலைநகரத்திலிருந்து வந்தவர். கழிக்கத் தெரியாதவர்.

“எப்படியா?” வெர்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “காலையில ஷேவ் பண்ணிட்டுக் கிளம்புவாரு. சுரங்கத்துக்குள்ள இறங்கறதுக்குள்ள தாடி வளர்ந்து பெல்ட்டுல மாட்டிக்கும்.”

“ஓ.”

“ஒரு தடவை எரியற இரும்பு அடுப்பை அப்படியே தூக்கிட்டு மேட்டுல இருக்கற சர்ச்சுக்குப் போனாரு. மேல பீன்ஸ் கொதிச்சிட்டு இருக்கு. ஒரு சொட்டுகூட சிந்தலை.”

சுருக்கெழுத்துப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டினாள். ஹாலிஃபீல்ட் குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “மேல சொல்லுங்கம்மா,” என்றார் தேன் குரலில்.

“கட்டில் விஷயம் சொல்லலாமா?”

“வெர்னா...” என்றான் டெல்பர்ட் தரையைப் பார்த்தபடி.

“கோர்ட்டுல கேக்கறாங்கல்ல, இரு! மூணு கட்டில் உடைஞ்சுது ஐயா. நாலாவதைச் சுரங்கக் கூரையைத் தாங்கற ஓக் கட்டையில செஞ்சோம்.”

“அதுவும் உடைஞ்சுதா?”

“சேச்சே! அது கல்லு மாதிரி நின்னுச்சு. வீடுதான் ஒரு அடி கீழ இறங்கிடுச்சு.”

அறையே சிரித்தது. டெல்பர்ட்டின் காது சிவந்தது.

“சரி, இப்போ?” என்றார் நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வெர்னாவின் குரல் இறங்கியது. “இப்போ ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கவும் என்கிட்டதான் நீட்டறாரு. டிவியில சோப்பு விளம்பரம் வந்தாலும் அழறாரு. ராத்திரி சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கறாரு. முதுகைத் தொட்டா, ‘மன்னிச்சுக்கோ’ங்கறாரு. அவ்வளவுதான் ஐயா.”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. சுருக்கெழுத்துப் பெண் தட்டுவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

ஹாலிஃபீல்ட் மெல்ல எழுந்தார். “சாட்சி சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கம்பெனி ஏத்துக்குது. ஆனா ஒண்ணு. அவ்வளவு பெரிய ஆம்பிளைக்குப் பத்துல ஒரு பங்கு மிஞ்சியிருந்தாலும், இந்த மாவட்டத்துல நம்ம எல்லாரையும் விட அவர் ஒரு படி மேலதானே?”

நீதிபதி மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அறையில் இருந்த ஆண்களை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

“நியாயம்தான். ஊசி தேவையில்லை. மாத்திரை வழக்கம்போல தொடரட்டும்.”

வெளியே தூறிக்கொண்டிருந்தது. வெர்னாதான் அவர்களுடைய சின்ன லாரியை ஓட்டினாள். டெல்பர்ட்டால் இப்போது கியர் போட முடிவதில்லை. வண்டி ஆற்றுப்பாலத்தைத் தாண்டியது.

“காரியத்தைக் கெடுத்துட்டேன், இல்ல?” என்றாள்.

“நீ சொன்ன அந்த ஆளை எனக்கே அடையாளம் தெரியலை, வெர்னா.”

“எனக்கு மட்டும் தெரியுமா?”

அவள் டெல்பர்ட்டை முதன்முதலில் பார்த்ததே, கூரை விழுந்து ஆறு வருஷம் கழித்து, வலி மருத்துவமனையில் மாத்திரைக்கு நின்ற வரிசையில்தான்.