ஹாஜியார் காரின் ஊசி

நாலு பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, நஸீம் மெல்லக் கையை வைத்துப் பார்த்தான். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

“சூடே இல்ல ஹாஜியார்.”

“அதைத்தானே ஒரு மாசமாச் சொல்றன்!” பொனட்டில் ஓங்கித் தட்டினார் அச்சிமுகம்மது ஹாஜியார். “சப்பானிலருந்து எறக்கின கார். சூடு காட்டுற ஊசி அடிய விட்டு எழும்புதில்ல. ஊரெல்லாம் உன்ன எஞ்சின் டொக்டர் எண்டுறானுகள். காய்ச்சல் வந்தாத்தான் உனக்கு வைத்தியம் தெரியுமாக்கும்?”

சாய்ந்தமருது பிரதான வீதியிலுள்ள அந்தக் கராஜுக்குக் கார் வருவது இது நாலாம் தடவை. இன்று ஹாஜியார் பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து நேரே வந்திருந்தார்.

தண்ணீர் சூடாகும்வரை வழியை அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே இறுகிவிட்டது என்றுதான் நஸீம் முதலில் நினைத்தான். கழற்றிக் கொதிநீரில் போட்டால் அது ஒழுங்காகத் திறந்தது. எடுத்து ஆறவிட்டால் ஒழுங்காக மூடியது. ஆனாலும் புதிது போட்டான். அடுத்த தடவை சூட்டை அளக்கும் சென்சரையும் மாற்றினான். கராஜில் எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டால் ஊசி நடுவில் வந்து சமர்த்தாக நிற்கும். ஹாஜியார் கொண்டுபோனால் மறுபடி படுத்துவிடும்.

“கோவிக்காதீங்க ஹாஜியார். கிட்டக் கிட்டத்தான் ஓட்டுறீங்களோ? கொஞ்சத் தூரமாவது ஓடினாத்தான்...”

“என்ன கதைக்காய் நீ? கிழமைக்கு ரெண்டுதரம் அவ்வளவு தூரம் பொத்துவில் வயலுக்குப் போய் வாறன். இண்டைக்கும் பகல் ளுஹர் தொழுகைக்குத்தான் அங்கிருந்து வந்தன். போய்வாற வழியெல்லாம் ஊசி நித்திரை!”

ஹாஜியார் பள்ளிவாசல் தலைவர். மக்காவுக்குப் போய் வந்த மனிசர் சொன்னது மெய்தானா என்று, ஓடிய கிலோமீற்றரை எட்டிப் பார்ப்பது அந்த ஊரில் மரியாதையில்லை. நஸீம் ஊசியை மட்டும் பார்த்தான். தானே ஒருதரம் ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை. அந்த ஸ்டியரிங்கில் இன்னொருவன் கை படக்கூடாது என்பது ஹாஜியாரின் சட்டம்.

“நஸீம் காக்கா, தூக்கி அடுப்பில வைங்க. சூடாகும்!” என்றான் ஆட்டோக்கார ஷிப்லி.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கராஜில் அப்போது சூடாகியவை நஸீமின் காதுகள் மட்டும்தான்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளி வாசலில் ஹாஜியார் இந்தக் கதையை விஸ்தாரமாகச் சொன்னார். அந்தக் கிழமையே மூன்று வாடிக்கைக்காரர்கள் அக்கரைப்பற்றுக் கராஜுக்குப் போய்விட்டார்கள். இன்னொரு ஜும்ஆ வந்தால் கதவைச் சாத்தவேண்டியதுதான்.

“மழுப்பாத மனே. உனக்குத் தெரியாது எண்டு சொல்லு. எல்லாருக்கும் கேக்கச் சொல்லு.”

நஸீம் பழந்துணியால் கையைத் துடைத்தான். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தான். இருபத்திரண்டு வருடத் தொழிலில் ஒரு தடவைகூட அவன் வாயில் வராத சொல் அது.

“எனக்குத் தெரியா ஹாஜியார்,” என்றான், நிலத்தைப் பார்த்தபடி. “மன்னிச்சிருங்க. வேற ஆருக்கிட்டயும் காட்டுங்க.”

ஹாஜியாருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. தொப்பியை நேராக்கினார். தீர்ப்புச் சொல்லி முடித்தவர் போல எல்லாரையும் ஒருதரம் பார்த்துவிட்டுக் கார்க் கதவைத் திறந்தார்.

அந்நேரம் பொத்துவில் பஸ் ஒன்று கராஜ் வாசலில் கிரீச்சிட்டு நின்றது. கையில் ஒரு மண் முட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிதிபலகையிலிருந்து குதித்து ஓடிவந்தான் கொண்டக்டர் அர்ஷாத்.

“ஹாஜியார், இண்டைக்கும் தயிர் முட்டிய சீட்டுக்குக் கீழ விட்டிட்டு இறங்கிட்டீங்களே!”